வளைந்த விரல்கள் பழக்கிய கைகள்

அன்று, 1976. அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளைப் போட்டு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தங்கை டாக்டர் நாச்சியாரும் மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் தோள் கொடுத்தார்கள். ஆனாலும் அதன் நடுவில் நின்றவர் வெங்கடசாமிதான். இப்படி ஒருவரை நம்பி நிற்கும் இடங்கள், அவர் போனதும் களையிழந்துவிடுவதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

2006 ஜூலையில் அவர் காலமானார்.

இன்று லேசர் சிகிச்சைகளையும் சேர்த்து, அரவிந்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. பணம் கட்ட முடியாதவருக்கு இன்றும் கதவு திறந்தே இருக்கிறது. அரவிந்தின் சென்னை மருத்துவமனை வந்ததே அவர் மறைந்த பிறகு, 2017இல்தான்.

அவர் இல்லாமலும் இது எப்படி நடக்கிறது என்பதை அறுவை அரங்கில் பார்க்கலாம். அருகருகே இரண்டு மேஜைகள். ஒன்றில் மருத்துவர் புரையை எடுத்து லென்ஸ் வைக்கிறார். அதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தித் தயாராக்கிவிடுகிறார்கள் பெண்கள். மருத்துவர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கிராமத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, இங்கேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். வெங்கடசாமி தன் திறமையைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. யார் வந்தாலும் கற்றுக்கொள்ளும் முறையாக்கி வைத்தார். 1992இல் தொடங்கிய ஆரோலேப், விலை குறைந்த லென்ஸ்களை இங்கேயே தயாரித்தது. மற்ற மருத்துவமனைகளுக்கும் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு தலைவர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் காலத்துக் கூட்டத்தை வைத்து எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர் இல்லாத நாளில், அவரோடு இருந்தவர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அறுவை முடிந்த மறுநாள் காலை, கட்டைப் பிரித்துவிட்டு ஒரு பெண் கையை நீட்டுகிறாள். "எத்தனை விரல் தெரியுது பாட்டி?"

பயிற்சிக்கு இன்று சேரும் 18 வயதுப் பெண், வெங்கடசாமி மறைந்த பிறகு பிறந்தவள்.