தள்ளப் போவது யார்?

கோனோவீடர் வாங்கிய பல வீடுகளில் அது கொட்டகை ஓரமாய்த் துருப்பிடித்துக் கிடக்கிறது. கருவி மோசமில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. இரண்டு கூம்பு உருளைகள் களையைச் சேற்றுக்குள் அமுக்கிவிடும். களையே உரமாகும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். களைக்கொல்லி பக்கமே போகாத நமக்கு வேறென்ன வேண்டும்? அப்புறம் ஏன் சும்மா கிடக்கிறது?

வங்கியில் இருந்தபோது கருவிக்கடன் விண்ணப்பங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். விலை என்ன, மானியம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டிருக்கும். ‘இதை யார் தள்ளப் போகிறார்கள்?’ என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. நாமாவது கேட்போமே.

எங்கள் திருவாரூர்ப் பக்கம் களையெடுப்பது பெண்கள். கருவியோ ஆண்களின் உயரத்துக்குத் தோதாக வந்தது. “கைப்புடி நெஞ்சு ஒசரத்துக்கு நிக்குதுங்கய்யா, ராத்திரி தோளத் தூக்க முடியல” என்றார் எங்கள் வயலுக்கு வரும் அம்மா ஒருவர். பட்டறையில் கொடுத்துக் கைப்பிடியை அரையடி இறக்கினோம். இடுப்புக்குச் சற்று மேலே வந்ததும் அவரே தள்ளினார்.

அடுத்து, வேலையைப் பாருங்கள். கருவி வரிசைக்கு நடுவில்தான் போகும். கயிறு பிடித்து 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட்டிருந்தால்தான் நெடுக்கும் குறுக்கும் ஓட்டலாம். நட்ட 10ஆம் நாள் தொடங்கி, 10 நாளுக்கு ஒருமுறை ஓட்டணும். களை முற்றவிட்டால் உருளையில் சுற்றிக்கொள்ளும். தூரடியில் மிஞ்சுவதைக் கையால்தான் எடுக்கணும். அந்த ஆள்கூலியையும் கணக்கில் சேருங்கள்.

மண்ணையும் பாருங்கள். தண்ணீர் வற்றிய களிமண்ணில் சேறு உருளையில் அப்பிக்கொள்ளும். வயலில் 2, 3 செ.மீ. தண்ணீர் போதும். கருவி ரொம்பப் புதைந்தால் முன்னால் இருக்கும் மிதவையின் சாய்வை மாற்றிப் பாருங்கள்.

இதில் கூலிப் பிரச்சினையும் இருக்கிறது. கருவி வந்ததும் அந்த வேலை ஆண்கள் கைக்குப் போய், கூலியும் ஏறிவிடுகிறது. இத்தனை வருஷம் குனிந்து களை பறித்த பெண்களுக்கு அந்த நாளின் வருமானம் போச்சு. அவர்கள் தள்ளும்படி கருவியைச் சரிசெய்து, ஆணுக்குக் கொடுக்கும் அதே கூலியைக் கொடுத்தால் வேலை அவர்களிடமே நிற்கும்.

எந்தக் கருவியானாலும் வாங்குமுன் ஒருநாள் இரவல் வாங்கி, ஓட்டப் போகிறவர்களிடமே கொடுங்கள். காலையில் கேட்டால் “நல்லாத்தாங்க இருக்கு” என்பார்கள். வேலை முடிந்து கரையேறும்போது கேளுங்கள்.