இரும்பின் தோலுக்குள் இறங்கும் அலுமினியம்

கொல்லன் பட்டறையில், பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் சம்மட்டி விழும்போது கருஞ்செதில்கள் சிதறி விழும். உதிர்வது அழுக்கு அல்ல, இரும்புதான். சூட்டில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து செதிலாகிவிட்ட இரும்பு. அரிவாள் அடிப்பவருக்கு இந்தச் சேதாரம் பெரிதில்லை. இரவுபகலாக எரியும் உலைக்குள் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய குழாயின் கதை வேறு. செதில் உதிர உதிர, உள்ளிருக்கும் புது இரும்பு வெளியே வந்து அதுவும் செதிலாகும்.

570 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். அந்தச் சூட்டில் உருவாகும் இரும்பு ஆக்சைடில் அணுக்கள் இருக்க வேண்டிய இடங்கள் பல காலியாகக் கிடக்கும். அந்த வழியாக இரும்பு அணுக்கள் நகர்ந்து வெளியேறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. துருவுக்கு நல்ல காவலாக இருக்கும் துத்தநாகப் பூச்சும் இங்கே உதவாது. 420 டிகிரியிலேயே அது உருகிவிடும்.

அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தினர் 1910களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 'கலோரைசிங்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'கலோர்' என்றால் வெப்பம். துத்தநாகத் தூளில் இரும்பைப் புதைத்துச் சூடேற்றும் முறைக்கு, அதைக் கண்டறிந்த இங்கிலாந்துக்காரர் ஷெரார்ட் கௌப்பர்-கோல்ஸின் பெயரால் 'ஷெரார்டைசிங்' என்ற பெயர் நின்றது. இங்கோ மனிதர் பெயர் இல்லை, எதிரியின் பெயரே முறைக்குப் பெயரானது. இன்று 'அலுமினைசிங்' என்ற சொல்தான் அதிகம் புழங்குகிறது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு நவச்சாரத்தின் வெண்புகையும் நெடியும் மறந்திருக்காது. கலோரைசிங்கிலும் அதே நவச்சாரம் உண்டு, வேலை மட்டும் வேறு. ஈயம் பூசுபவருக்கு அது பாத்திரத்தின் மேற்பரப்பைச் சுத்தம் செய்து ஈயத்தை ஒட்ட வைக்கிறது. இங்கே அது சுமைதூக்கி. அலுமினியத் தூள், அது கட்டிதட்டாமல் இருக்க அலுமினா எனும் அலுமினிய ஆக்சைடுத் தூள், கொஞ்சம் நவச்சாரம் மூன்றையும் கலந்து, அதற்குள் இரும்புப் பொருளைப் புதைத்து, பெட்டியை மூடி 900 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். நவச்சாரம் பிரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது அலுமினியத்தோடு சேர்ந்து அலுமினியம் குளோரைடு ஆவியாகி, இரும்பைத் தொட்டதும் அலுமினியத்தை அங்கே இறக்கிவிடும்.

இறங்கிய அலுமினியம் மேலேயே தங்குவதில்லை. மணிக்கணக்கான சூட்டில் இரும்புக்குள் ஊடுருவி, இரண்டும் கலந்த புதுத் தோலாகிறது. பெயின்ட் உரிவதுபோல் இது உரியாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால், அலுமினியமே 660 டிகிரியில் உருகுமே, அது எப்படி 900 டிகிரியில் காவல் நிற்கும்? இந்த முறையின் அழகே இதில்தான் இருக்கிறது. காவல் நிற்பது அலுமினியமல்ல, அதன் ஆக்சைடு. தோலில் உள்ள அலுமினியம் காற்றைத் தொட்டதும், மயிரிழையைவிடப் பல மடங்கு மெலிந்த அலுமினாப் படலமாகிறது. அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். இரும்புச் செதிலைப்போல அது வழிவிடுவதும் இல்லை. எங்காவது கீறல் விழுந்தால், அடியிலிருக்கும் அலுமினியம் எழுந்து புதுப் படலத்தை உண்டாக்கும்.

அந்த இருப்புக்கும் ஆயுள் உண்டு. சூடு மிக ஏறினால் அலுமினியம் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும், மேல்தோலில் அது குறைந்துபோகும். புதுத் தோல் கடினமானது, அதனாலேயே நொறுங்கக்கூடியது. எனவே வளைப்பது, துளையிடுவது எல்லாவற்றையும் முன்பே முடித்துவிட வேண்டும்.

உலை உறுப்புகளிலும், வெப்பம் அளக்கும் கம்பிகளைக் காக்கும் குழாய்களிலும் பழகிய இந்த உத்தி பிறகு விமானத்துக்குள் ஏறியது. ஜெட் இன்ஜினின் டர்பைன் பிளேடுகள் நிக்கல் கலவையால் ஆனவை. புது இன்ஜின்களில் அவற்றைத் தாக்கும் வாயுவின் சூடு, அந்தக் கலவையே உருகும் அளவைவிட அதிகம். பிளேடுக்குள் மெல்லிய வழிகளில் காற்றோட்டி அதைக் குளிர்விக்கிறார்கள். பிரஷ்ஷோ தெளிப்பானோ நுழைய முடியாத அந்த வழிகளுக்குள்ளும் அலுமினிய ஆவி போய்ச் சேரும். வெளிப்புறத்தில், சூட்டைத் தடுக்கும் சிர்கோனியா பூச்சுக்கு அடியில் அலுமினியம் நிறைந்த ஓர் அடுக்கு இருக்கும். அதன்மேல் வளரும் அலுமினாப் படலம்தான் ஆக்சிஜனை உள்ளே விடாமல் தடுக்கிறது.

இன்ஜினைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போது, பிளேடுகளில் தேய்ந்த பூச்சை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டு, மீண்டும் சூளைக்கு அனுப்பி அலுமினியம் ஏற்றுகிறார்கள்.