ஒட்டுப் போடத்தக்கதும் தகாததும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே சேரப்பணஞ்சேரி அமைந்துள்ளது. ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலை 2010-லும், டைம்லர் லாரி ஆலை 2012-லும் திறக்கப்பெற்றன. கனரக லாரிகள் இரவும் பகலும் விரையும் அச்சாலையிலேதான் விவசாயியின் டிராக்டரும், அதன் பின்னே டிரெய்லர் வண்டியும் செல்லவேண்டியிருக்கிறது. எனவே, அவ்வண்டியைப் பழுது பார்ப்பது குறித்து அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

உள்ளூர்ப் பட்டறையில் பழைய அச்சும் பழைய டயரும் பூட்டிச் செய்த மலிவான வண்டியை இகழ்வதற்கில்லை. சிறு விவசாயிக்கு அதுவே கைகூடும். அதைப் பல ஆண்டுகள் ஓட்டுவதற்கு ஒட்டுவேலையும் அவசியமே. ஆனால் எங்கே ஒட்டுப் போடலாம், எங்கே போடலாகாது என்னும் பகுத்தறிவு வேண்டும்.

அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்தால், மேலே வேறொரு தகட்டைப் பற்றவைக்கலாம். அல்லது வேலமரப் பலகை பரப்பலாம். பின்கதவின் கீல் உடைந்தால் சங்கிலியால் கட்டலாம். பக்கப்பலகை ஆடினால் கயிறு போதும். இவை மறுபடியும் கெட்டால் நெல் சிறிது சிந்தும், அவ்வளவே.

இழுக்கும் உறுப்பும் உருளும் உறுப்பும் அப்படிப்பட்டவை அல்ல. 40 கிலோ நெல் மூட்டைகள் 75 ஏற்றினால் பாரம் 3 டன். அத்தனையையும் டிராக்டரோடு பிணைத்து நிற்பது ஒரே ஒரு பின். அது தேய்ந்துவிட்டதென்று கம்பித்துண்டையோ போல்ட்டையோ செருகுவது பேரபாயம். பின் நழுவாமல் காக்கும் சிறு கடையாணியும் இருத்தல் வேண்டும். வில்பட்டை முறிந்தால் பற்றவைத்து ஓட்டலாகாது. அந்த எஃகு பற்றவைத்த சூட்டில் நொறுங்கும் தன்மை அடைந்து, பாரம் ஏறியதும் அருகிலேயே மறுபடி முறியும். இழுசட்டத்தில் விரிசல் கண்டால் வண்டியை நிறுத்திவிட்டுத் தேர்ந்த பட்டறைக்கே அனுப்புக.

மாதம் ஒருமுறை, வெற்று வண்டியை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். ஆட்டமோ, சுழற்றும்போது கரகரப்போ இருந்தால் பேரிங்கைக் கவனிக்கவேண்டும். முன்னாளில் வண்டிமை இடாமல் யாரும் பார வண்டி பூட்டியதில்லை. இன்று கிரீஸ் இடுவதில் மட்டும் சோம்பல் ஏன்? இருசக்கர டிரெய்லரில் பாரத்தைப் பின்புறமாகக் குவித்தால் முன்புறம் மேலெழும்பும் என்பதையும் மறத்தல் கூடாது. பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டைகளை, சேறும் வைக்கோலும் மறைக்காதபடி ஒவ்வொரு பயணத்துக்கும் முன் துடைத்திடுக. இரவில் லாரி ஓட்டுநருக்கு நம் வண்டியைக் காட்டுவன அவைதாம்.

நெசவாளருக்கு இது விளங்கும். பாவில் இழை அறுந்தால் முடிந்துவிட்டு நெய்யலாம். அச்சின் பல் வளைந்திருந்தால் துணி நெடுகக் கோடு விழும். அச்சைச் சீர்செய்தே தீரவேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் டிரெய்லரை மோட்டார் வாகனமாகவே கொள்கிறது. பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் விபத்து நேர்ந்தால், பல போக விளைச்சலும் நஷ்டஈட்டுக்குப் போதாது.

பொதுவில் டிரெய்லர் வைத்திருக்கும் சங்கங்கள் வாடகையில் ஒரு பகுதியைப் பழுதுநிதியாக ஒதுக்கி, செய்த வேலையையும் தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருமாறு கேட்டுக்கொள்கிறோம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. பலகையில் சிக்கனம் செய்வோம், ஆணியில் வேண்டாம்.