ஆர்தரின் மனைவி எங்கே?

நள்ளிரவு கடந்த நேரம். லீ என்பவரின் வீட்டில் தொலைபேசி மணி அடிக்கிறது. பேசுபவர் நண்பர் ஆர்தர், குடித்திருக்கிறார், பதறுகிறார். விருந்துக்கு வந்த மனைவி இன்னும் வீடு திரும்பவில்லை, அவள் யாரோடு கிளம்பினாள் என்று பார்த்தாயா என்கிறார். லீ சமாதானம் சொல்கிறார். லீயின் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் யார்? கதையை எழுதிய ஜே.டி. சாலிஞ்சர் அதைப் பிடிகொடுக்காமல் விட்டுவிட்டார். 1951-ல் ‘நியூயார்க்கர்’ இதழில் வந்த சிறுகதை இது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யாரா யெஷுருன், யூரி ஹாசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தக் கதையைச் சற்றே மாற்றி ஒலிப்பதிவு செய்து, மூளை இயக்கத்தைப் பதிவு செய்யும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன் ஒரு சின்னக் குறிப்பு. அந்த மனைவி லீயோடுதான் இருக்கிறாள் என்று ஒரு குழுவிடம் சொன்னார்கள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆர்தருக்குத்தான் வீண் சந்தேகம் என்று இன்னொரு குழுவிடம் சொன்னார்கள். அதன்பின் எல்லோரும் கேட்டது ஒரே பதிவு.

2017-ல் வெளியான முடிவு இது: ஒரே குறிப்பைப் பெற்றவர்களின் மூளைகள் ஏறக்குறைய ஒரே போக்கில் இயங்கின, இரு குழுக்களுக்கும் இடையே போக்கு பிரிந்தது. மூளைப் பதிவை மட்டும் வைத்தே, ஒருவர் கதையை எப்படிப் புரிந்துகொண்டார் என்று கணிக்க முடிந்தது. வித்தியாசம் தூக்கலாகத் தெரிந்த இடங்களில் முக்கியமானது ‘டிஃபால்ட் மோடு நெட்வொர்க்’. பழைய நினைவுகளைப் புரட்டும்போதும், அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும்போதும் சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகளின் தொகுப்பு அது. லீ சொல்லும் ஆறுதல் ஒரு குழுவுக்கு நட்பு, மற்றொரு குழுவுக்கு நடிப்பு.

அன்றாட வாசிப்பில் நமக்கு யாரும் குறிப்பு தருவதில்லை. வளர்ந்த ஊர், பட்ட அனுபவம், ஏற்கெனவே படித்தவை எல்லாம் சேர்ந்து அதை எழுதித் தந்துவிடுகின்றன. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட நூலில் இதற்கு அழகான சான்று இருக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் பேய்க்கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். சீல் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. மரத்தோணி சாதாரணப் படகானது. புரியாத பேய்கள் பலரது எழுத்தில் காணாமலே போயின. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்களுக்குத் தெரிந்த உலகத்தில் பொருந்தும்படி கதையை நினைவில் வைத்திருந்தார்கள்.

அதற்காக வாய்க்கு வந்ததெல்லாம் பொருள் ஆகிவிடாது. அதே கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். 1929-ல் அவர் தொகுத்து வெளியிட்ட பதில்களில், நேரடிப் பொருளையே தவறவிட்டவர்கள் ஏராளம். அது வேறு வாசிப்பு அல்ல, பிழை. ஆனால் சாலிஞ்சர் விட்ட இடைவெளி ஆசிரியரே திறந்து வைத்த கதவு. நம் வகுப்பறைகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், கைடில் உள்ள ஒரு விடைக்கு மட்டும் மதிப்பெண் போடுவது எனக்குப் பெரிய வருத்தம். குறளுக்குப் பதின்மர் உரை கண்டதாகப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மரபு நம்முடையது. மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபடும் குறள்களை அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்குக் கிடைப்பது குழப்பம் அல்ல, கூடுதல் பார்வை.

அந்தக் கூடுதல் பார்வையால் என்ன ஆகும் என்பதை ரிச்சர்ட் ஆண்டர்சனும் ஜேம்ஸ் பிச்சர்ட்டும் 1978-ல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு சிறுவர்கள் ஒருவன் வீட்டுக்குப் போகிறார்கள். ஒழுகும் கூரை, பூட்டாத பக்கவாசல், நாணயச் சேகரிப்பு எல்லாம் கதையில் வருகின்றன. சிலரை வீடு வாங்க வந்தவராகவும் சிலரைத் திருடராகவும் நினைத்துக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். நினைவில் நின்றதை எழுதி முடித்ததும், பார்வையை மாற்றிக்கொண்டு மறுபடி எழுதச் சொன்னார்கள். முதல் தடவை எழுதாமல் விட்ட விவரங்கள் இப்போது வந்து விழுந்தன. இடையில் கதையை அவர்கள் திரும்பப் படிக்கவே இல்லை.