நள்ளிரவில் 'டமார்' சத்தம்... வீட்டுத் தரையில் டைல்ஸ் தானாகப் பெயர்வது ஏன்? சரிசெய்வது எப்படி?

ராத்திரி எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஹாலில் 'டமார்' என்று ஒரு சத்தம். சிலிண்டர் வெடித்ததோ, நிலநடுக்கமோ என்று பதறிப்போய் லைட்டைப் போட்டால், நடுத்தரையில் இரண்டு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டி, கூரை மாதிரி எழும்பி நிற்கும். நிலநடுக்கமும் இல்லை, வாஸ்துக் கோளாறும் இல்லை. பெரும்பாலும் டைல்ஸ் விரிய இடமில்லாததும், அடியில் பிடிப்பு இல்லாததும்தான் காரணம்.

கான்கிரீட் தளம் கட்டி முடித்த பிறகும் சில ஆண்டுகளுக்கு மெல்லச் சுருங்கும். டைல்ஸ் அப்படிச் சுருங்காது; வெயில் சூட்டில் விரியவும் செய்யும். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை இடைவெளியே விடாமல் பதித்திருந்தால் அந்த அழுத்தம் எங்கே போகும்? பிடிப்பு குறைந்த இடத்தில் மேலே தூக்கிவிடும். "ஜாயின்ட்டே தெரியக் கூடாது" என்று கொத்தனாரிடம் நாமே கேட்டு வாங்கும் வினை இது.

சிமெண்ட் பால் ஏன் ஒட்டுவதில்லை?

சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் உறிஞ்சும். அதனால் சிமெண்ட் பால் நன்றாகப் பிடிக்கும். விட்ரிஃபைட் டைல்ஸ் உறிஞ்சுவது 0.5 சதவீதம்கூட இருக்காது. கறை படியாததும் அதனால்தான், சிமெண்ட் பிடிக்காததும் அதனால்தான். ஆனால் பல இடங்களில் இன்னமும் பழைய முறையிலேயே பதிக்கிறார்கள்.

பெயர்ந்த டைல்ஸைத் திருப்பிப் பாருங்கள். முதுகு புத்தம் புதுசாக, சிமெண்ட் ஒட்டாமல் இருந்தால் டைல்ஸில் பிடிப்பே ஏற்படவில்லை என்று அர்த்தம். கலவை கட்டியாகக் கூடவே வந்திருந்தால் கோளாறு அடித்தளத்தில்.

தட்டிப் பார்த்தாலே தெரியும்

ஒரு ஐந்து ரூபாய் நாணயமோ, மரக்கைப்பிடியோ போதும். ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. 'டொக் டொக்' என்று பானையைத் தட்டினாற்போலக் கேட்டால் அடியில் காலி. அதில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே வந்தால், கோளாறு ஒரு மூலையிலா, அறை முழுக்கவா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் பயமில்லை, கண்காணித்தால் போதும். அடுத்தடுத்து வரிசையாகக் கேட்டால் காத்திருக்க வேண்டாம். குளியலறைச் சுவரில், அதுவும் தலைக்கு மேலே அப்படிக் கேட்டால், உடனே கழற்றுவதே நல்லது. விழுந்தால் கத்தி மாதிரி வெட்டும்.

சரிசெய்யும்போது...

பெயர்ந்த இரண்டை மட்டும் சிமெண்ட் பால் ஊற்றி அமுக்கி வைத்தால் மறுபடியும் எழும்ப வாய்ப்பு அதிகம். பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, தூசி தட்டி, டைல்ஸின் முதுகிலுள்ள வெள்ளைப் பொடியையும் துடைத்துவிட்டு, டைல்ஸ் அட்ஹெசிவ் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். பாக்கெட்டில் ஐ.எஸ். 15477 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். அட்ஹெசிவை நடுவில் ஒரு உருண்டையாக வைக்காமல், பல் வைத்த கரண்டியால் முழுக்க இழுத்துப் பூச வேண்டும். ஸ்பேசர் வைத்து 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி, சுவரோரம் அதைவிடக் கூடுதலாக. சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். அதில் சிமெண்ட் அடைக்க விடாதீர்கள்.

பழைய டைல்ஸை மெஷினில் அறுக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வேலை செய்பவர் மாஸ்க் போடட்டும், குழந்தைகள் பக்கத்து அறையில் இருக்கட்டும். புது வீடு கட்டுகிறவர்கள் அதே பேட்ச் டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அதே நிறம் கடையில் கிடைப்பது கஷ்டம்.