வாடிய பயிரை வாங்கலாமா?

அமெரிக்கக் காற்பந்தில், மெய்யான வீரர்களைக் கொண்டு ஏட்டிலே கற்பனைக் குழு அமைத்தாடும் விளையாட்டொன்றுண்டு. 1962இல் ஓக்லண்ட் நகரத்தார் சிலர் வகுத்தது. வீரர் களத்தில் ஈட்டுவதே குழுவுக்குப் புள்ளி. ஓடிப் பந்தேந்தும் 'வைட் ரிசீவர்' ஒருவர் சோபிக்காதபோது, நம் வீரரைக் கொடுத்து அவரை வாங்கலாமா? இதுவே பெருந்தலையிடி.

நாமாயின் புள்ளியைப் பாரோம். அவர்பால் எத்தனை தடவை பந்து எறியப்படுகிறது, இனி எவர் பங்கு அவருக்கு வரும் என்பதையே பார்ப்போம். 2021இல் டெட்ரோயிட் லயன்ஸ் அணிக்குப் புதிதாய் வந்த அமோன்-ரா சென். பிரவுண், முதல் 11 ஆட்டங்களிற் பிடித்தவை 39 பந்துகளே. அவரைக் கைவிட்டோரைக் குறைகூற இயலாது. சகவீரர் ஸ்விஃப்ட், ஹொக்கன்சன் இருவரும் அடுத்தடுத்துக் காயமுறவே, அவர்களுக்குரிய பந்துகள் இவரைத் தேடி வந்தன. எஞ்சிய 6 ஆட்டங்களில் 51! அவற்றுள் முதலாவதில், டிசெம்பர் 5ஆந் திகதி, இறுதி எறிதலை ஏந்தி அணிக்கு அப்பருவத்தின் முதல் வெற்றியையும் ஈட்டிக் கொடுத்தார்.