கடலுக்குக் கட்டும் கிஸ்தி

நிலம் வைத்திருப்பவன் சர்க்காருக்குக் கிஸ்தி கட்ட வேண்டும். கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்கியவன் யாருக்குக் கட்டுவது? கடலுக்குத்தான்! ஜப்பானில் ஒஸாகா விரிகுடாவின் நடுவே நிற்கும் கன்ஸாய் விமான நிலையத்தின் சரித்திரம் இந்த உண்மையை ஐயமறத் தெரிவிக்கிறது.

அந்த நிலையம் கடலுக்குப் போக நேர்ந்ததே ஜனங்களின் கிளர்ச்சியால்தான். ஒஸாகாவை அடுத்த இதாமியில், ஜன நெருக்கம் மிகுந்த பகுதியில், பழைய விமான நிலையம் இருக்கிறது. ஜெட் விமானங்களின் இரைச்சலைத் தாங்க முடியாத குடிமக்கள் 1969ல் சர்க்கார் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1975ல் ஒஸாகா ஹைகோர்ட், இரவு 9 மணிக்கு மேல் விமானம் கூடாதென்று தடை விதித்தது. 1981ல் சுப்ரீம் கோர்ட்டோ, பட்ட கஷ்டத்துக்கு நஷ்ட ஈடு உண்டு. தடை உத்தரவு மட்டும் கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் கிளர்ச்சி வீண்போகவில்லை. இரவு விமானங்களை நிறுத்தும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. புதிய நிலையத்தைக் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் கட்டும் யோசனையும் வழக்கு நடக்கும்போதே, 1974ல், பிறந்துவிட்டது.

1987ல் வேலை ஆரம்பமாயிற்று. அவ்விடத்தில் கடலின் ஆழம் சுமார் 18 மீட்டர். அதற்கு அடியில் சுமார் 20 மீட்டர் கனத்துக்கு இளகிய களிமண். அதில் சுமார் 10 லட்சம் மணல் தூண்களை என்ஜினீயர்கள் இறக்கினார்கள். மேலே கல்லும் மண்ணும் கொட்டியதும், பாரத்தால் களிமண்ணிலுள்ள நீர் பிதுங்கி, அத்தூண்கள் வழியே வெளியேறும். களிமண் விரைவில் இறுகும். இவ்விதம் சுமார் 510 ஹெக்டேர் தீவு எழும்பி, 1994 செப்டம்பர் 4ல் நிலையம் திறக்கப்பட்டது. ஐந்து மாதத்துக்குள் கோபே நகரைப் பாழாக்கிய பூகம்பத்திலும் அது பெருஞ்சேதமின்றித் தப்பியது.

ஆனால், அந்தக் களிமண்ணுக்கும் கீழே, மணல் தூண்கள் எட்டாத ஆழத்தில், அதைவிடப் பழைய களிமண் அடுக்குகள் இருக்கின்றன. அவை இன்னும் அமுங்கிக்கொண்டே வருகின்றன. மண் கொட்டத் தொடங்கிய காலத்திலிருந்து முதல் தீவு சராசரி 13 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. திறப்பு விழாவுக்குப் பிறகு தாழ்ந்தது மட்டும் மூன்றரை மீட்டருக்கு மேல். எல்லா இடமும் ஒரே சீராக இறங்குவதில்லை. ஆகையால் பிரயாணிகள் கட்டடத்தின் சுமார் 900 தூண்களை ஜாக்கிகளால் தூக்கி, அடியில் இரும்புத் தகடுகளைச் செருகிச் சமன் செய்கிறார்கள். கரைச் சுவர்களையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. இதுவே கிஸ்தி.

கிஸ்தி போதாதென்று கண்டால் கடல் ஜப்திக்கு வரும். 2018 செப்டம்பர் 4ல், திறப்பு விழா நடந்து 24 வருஷம் நிறைந்த அதே தினத்தில், வந்தது. 'ஜெபி' என்ற புயலில் அலைகள் சுவரைத் தாண்டின. ஓடுபாதை நீரில் மூழ்கியது. நிலவறையிலிருந்த மின்சார யந்திரங்கள் நனைந்து விளக்குகள் அணைந்தன. நங்கூரத்தை இழுத்துக்கொண்டு வந்த ஒரு எண்ணெய்க் கப்பல் பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் இரவு முழுவதும் தீவிலேயே சிறைப்பட்டார்கள்.

இவ்வளவும் எதற்காக? இதாமியை மூடுவதற்காக என்றே ஆதியில் சொல்லப்பட்டது. ஆனால் 1990ல், புதிய தீவு பூர்த்தியாகுமுன்பே, இதாமியும் தொடர்ந்து நடக்கும் என்று முடிவாயிற்று. புதிய நிலையத்தின் தலையில் ஒரு லட்சம் கோடி யென்னுக்கு மேற்பட்ட கடன் ஏறியது. 2016ல் நிர்வாகத்தை 44 வருஷத்துக்குத் தனியார் கையில் ஒப்படைத்தார்கள்.

ஜப்பானிய என்ஜினீயர்களின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அதைவிட நாம் மெச்சுவது ஒன்றுண்டு. தீவு எங்கே எவ்வளவு தாழ்ந்தது என்ற கணக்கை அளந்து, யாவரும் காணப் பிரசுரிக்கிறார்கள். அந்த யோக்கியப் பொறுப்பு வேண்டும். எந்தத் தேசத்திலாயினும் கடலைத் தூர்க்க முன்வரும் சர்க்காரிடம், கட்டுவதற்கு என்ன செலவு என்று மட்டும் கேட்டால் போதாது. கட்டியதைக் காக்க என்ன செலவு, அது எத்தனை தலைமுறைக்கு என்றும் கேட்க வேண்டும். திறப்பு விழாவுக்கு மந்திரிகள் வருவார்கள். கிஸ்தி கட்டப் போகிறவர்கள் ஜனங்கள்.